துளசி, கற்பூரவள்ளி, நொச்சியில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்': லேபில் நடப்பது உங்கள் உடம்பிலும் நடக்குமா?

சளி பிடித்தால் கற்பூரவள்ளிக் கஷாயம். மூக்கு அடைத்தால் நொச்சி இலை போட்டு ஆவி. பெருமாள் கோயிலுக்குப் போனால் துளசி தீர்த்தம். வெயில் காலத்தில் சப்ஜா விதை மிதக்கும் நன்னாரி சர்பத். சித்தூர், திருப்பதி பக்கம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் அன்றாட விஷயம். அங்கே அடிக்கடி போய்வரும் உங்களுக்கும் பழக்கமானதுதான்.

கற்பூரவள்ளி, நொச்சி, துளசி, சப்ஜா ஆகிய நான்கும் ஒரே தாவரக் குடும்பம். உங்கள் வீட்டுப் புதினாவும் அதே குடும்பம்தான். நன்னாரி மட்டும் வேறு.

பாட்டி காலத்தில் இந்த இலைகளை "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற சொல் வந்துவிட்டது. டீ பாக்கெட்டிலும் கேப்சூல் டப்பாவிலும் அது இருக்கு. வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இன்னும் ஒரு படி மேலே போய், "இந்த இலையைச் சாப்பிட்டால் சுகர் மாத்திரையே வேண்டாம்" என்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த இலைகளுக்குள் என்ன இருக்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு உங்கள் உடம்புக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• இந்தச் செடிகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்மங்கள் உண்மையாகவே இருக்கின்றன. அதில் சந்தேகம் இல்லை.

• சோதனைக் குழாயில் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து "நோய் குணமாகும்" என்று சொல்ல முடியாது.

• சமையலிலும் கஷாயத்திலும் சேரும் அளவு பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானது. சாறு சுண்டிய கேப்சூல், எண்ணெய் ஆகியவை வேறு கணக்கு.

• இரும்புச்சத்து மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

புதினா குடும்பத்தை எப்படி அடையாளம் காண்பது?

தாவரவியலில் இதன் பெயர் லேமியேசி. உலகம் முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. பழைய பெயர் லேபியேட்டே. லத்தீனில் 'லேபியம்' என்றால் உதடு. இந்தக் குடும்பத்துப் பூக்களில் பெரும்பாலானவை மேலுதடு, கீழுதடு போல இரண்டாகப் பிரிந்திருப்பதால் அந்தப் பெயர். தும்பைப் பூவைக் கையில் வைத்துப் பாருங்கள், வெள்ளையாக ஒரு கீழுதடு தொங்குவது தெரியும்.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. துளசித் தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளாது, தடுக்கும். காரணம், அது வட்டமாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும்.

வாசனை எங்கிருந்து வருகிறது? இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சுரப்பி முடிகள் இருக்கின்றன. அதற்குள் எண்ணெய் பைபோல நிரம்பியிருக்கும். நீங்கள் இலையைக் கசக்கும்போது அந்தப் பைகள் உடைகின்றன. செடி இந்த எண்ணெயைத் தயாரிப்பது நமக்காக இல்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சியையும் தொற்றிக்கொள்ளும் பூஞ்சையையும் விரட்டுவதற்காக.

வாசனையில்லாத உறவினர்களும் உண்டு. தேக்கு மரம் இப்போது இந்தக் குடும்பத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. நொச்சியும் தேக்கும் முன்பு வெர்பினேசி என்ற வேறு குடும்பத்தில் இருந்தவை. பிற்கால ஆய்வுகளுக்குப் பிறகு இங்கே மாற்றினார்கள்.

சித்தூர், திருப்பதியில் என்னென்ன இருக்கு?

2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டம் ஆனது. ஆனால் செடிகளுக்கு மாவட்ட எல்லை கிடையாது. திருமலையும் தலகோனாவும் அமைந்துள்ள சேஷாசலம் மலைத்தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பு 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செம்மரம் என்றதும் நினைவுக்கு வரும் காடு இதுதான்.

இந்தக் காட்டின் ஓரங்களிலும், வயல் வரப்புகளிலும், வீட்டுக் கொல்லைகளிலும் புதினா குடும்பம் பரவிக் கிடக்கிறது. இங்கே தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவதால் ஒரே செடிக்கு இரண்டு பெயர். நாம் நொச்சி என்பதை அவர்கள் வாவிலி என்பார்கள். தும்பை அங்கே தும்மி. கற்பூரவள்ளி 'வாமு ஆகு', அதாவது ஓம இலை. பேய்மிரட்டியும் வழியோரங்களில் வளரும். அதன் இலையைத் திரியாகப் போட்டு விளக்கேற்றும் பழக்கம் பற்றி நம் பக்கத்திலும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கோயிலிலும் இந்தக் குடும்பத்துக்கு இடம் உண்டு. திருமலையில் கார்த்திகை மாதம் நடக்கும் புஷ்ப யாகத்தில் பூக்களோடு துளசி, மருவம், தவனம் போன்ற இலைகளும் அர்ச்சனைக்குச் சேரும். இதில் துளசியும் மருவமும் புதினா குடும்பம். தவனம், அதாவது நம்ம மரிக்கொழுந்து, சூரியகாந்திக் குடும்பம். வாசனையை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆராய்ச்சியில் அது முதல் பிரச்சினை. தவறான செடியைச் சோதித்தால் முடிவும் தவறுதான். இந்த இடத்தில் திருப்பதிக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. 1954-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை, செடி மாதிரிகளை அடையாளம் கண்டு உறுதிசெய்து தரும் இடமாக மருந்தியல் ஆய்வாளர்களுக்கு நன்கு பழக்கம். தென்னிந்திய மருந்தியல் கல்லூரிகளில் இருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், செடியை உறுதிசெய்த இடம் என்று இந்தத் துறையின் பெயரைப் பல முறை பார்க்கலாம். கே. மாதவ செட்டி, கே. சிவாஜி, கே. துளசி ராவ் மூவரும் சேர்ந்து சித்தூர் மாவட்டத்தின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்து எழுதிய நூலும் அந்த ஆய்வாளர்களுக்குக் கைப்புத்தகம்.

இலைக்குள் என்னென்ன வேதிப்பொருள்?

எளிமையாக இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆவியாகும் எண்ணெய்கள். துளசிக்கு அந்த லேசான கிராம்பு வாசனை வரக் காரணம் யூஜினால். கிராம்பிலும் அதே பொருள்தான் இருக்கு. கற்பூரவள்ளியில் கார்வக்ராலும் தைமாலும். ஓமத்திலும் தைமால் உண்டு என்பதால்தான் அதற்கு 'ஓமவல்லி', 'வாமு ஆகு' என்ற பெயர்கள். ஆனால் ஓமம் இந்தக் குடும்பம் இல்லை, அது கொத்தமல்லி, சீரகம் வகையறா. கார்வக்ராலும் தைமாலும் வேதியியலில் இரட்டையர்கள் மாதிரி. ஒரே எண்ணிக்கையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்கள், அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு.

புதினா என்றதும் மெந்தால் நினைவுக்கு வரும். ஆனால் சட்னிக்கு அரைக்கும் புதினாவின் வாசனை பெரும்பாலும் கார்வோன் என்ற வேறு பொருளால் வருவது. மெந்தால் எடுக்கும் புதினா இனம் தனி. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். வலி தைலத்தில் நீங்கள் உணரும் 'ஜில்' அதிலிருந்து வருவது.

இரண்டாவது கூட்டம், ஆவியாகாத பினாலிக் சேர்மங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் கதையின் நாயகன் இங்கேதான் இருக்கிறார்: ரோஸ்மாரினிக் அமிலம். 1958-ல் இத்தாலிய வேதியியலாளர்கள் ஸ்கார்பாட்டியும் ஓரியன்டேயும் ரோஸ்மேரி செடியிலிருந்து முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். துளசி, புதினா, கற்பூரவள்ளி, மரு எல்லாவற்றிலும் இது உண்டு.

அப்போ குடும்பத்தில் எல்லாருக்கும் இது இருக்குமா? கிடையாது. துளசியும் புதினாவும் இருக்கும் கிளையில்தான் ரோஸ்மாரினிக் அமிலம் பரவலாக இருக்கிறது. தும்பையும் பேய்மிரட்டியும் சேர்ந்த கிளையில் பொதுவாக அது இருப்பதில்லை. பேய்மிரட்டியின் சிறப்பு அனிசோமெலிக் அமிலம் போன்ற டைட்டர்பீன் வகைச் சேர்மங்கள். நொச்சியில் நெகுண்டோசைடு, அக்னுசைடு, காஸ்டிசின் என்று வேறு பட்டியல். "புதினா குடும்பமா, அப்போ எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரே செடிக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஒரு ஊர் துளசியில் யூஜினால் அதிகமாக இருக்கும், இன்னொரு ஊர் துளசியில் மெத்தில் யூஜினால் அதிகமாக இருக்கும். மண், வெயில், பறிக்கும் பருவம், இலையின் வயது எல்லாம் சேர்ந்து அளவை மாற்றும். "தினம் ஐந்து இலை" என்று மாத்திரை மாதிரி அளவு சொல்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் ஆக்ஸிஜனோடு நடக்கும் வினைகள். உடம்பிலும் அதற்கு இணையானது நடக்கிறது. நாம் சாப்பிட்டதை செல்கள் எரித்து ஆற்றலாக்கும்போது ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் துகள்கள் உண்டாகும். இவற்றில் ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் தனியாக நிற்கும். அதற்கு ஜோடி தேடி பக்கத்தில் இருக்கும் கொழுப்பையோ, புரதத்தையோ, டிஎன்ஏவையோ தாக்கும்.

தன்னிடம் இருக்கும் எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ கொடுத்து அதை அமைதிப்படுத்தும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். ரோஸ்மாரினிக் அமிலத்தின் அமைப்பு இதற்கு ரொம்ப வசதியானது. அதன் இரண்டு முனைகளிலும் பென்சீன் வளையம், ஒவ்வொரு வளையத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்ஸில் தொகுதி. ஹைட்ரஜனைக் கொடுத்த பிறகும் அந்த மூலக்கூறு தானே ஆபத்தானதாக மாறாமல் நிலையாக நிற்கும்.

ஆனால் ஃப்ரீ ரேடிக்கல் என்றாலே வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமி உள்ளே வந்தால் உங்கள் வெள்ளை அணுக்கள் அதைக் கொல்வதற்கு இந்த வகைத் துகள்களைத்தான் ஆயுதமாக உற்பத்தி செய்கின்றன. உடற்பயிற்சி செய்யும்போது உண்டாகும் கொஞ்சம் ஃப்ரீ ரேடிக்கல்தான் "இன்னும் பலமாகு" என்று தசைக்குச் சிக்னல் கொடுக்கிறது. அளவு மீறினால் பிரச்சினை; மொத்தமாக ஒழித்தாலும் பிரச்சினை.

லேபில் எப்படி அளக்கிறார்கள்?

மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் காணப்படும் சோதனையின் பெயர் டிபிபிஹெச். ரோஸ்மாரினிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்ட அதே 1958-ல், மார்ஸ்டன் ப்ளாய்ஸ் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் இந்த முறையை வெளியிட்டார்.

டிபிபிஹெச் என்பது பாட்டிலில் வைத்தாலும் கெடாமல் நிலையாக இருக்கும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல். ஆல்கஹாலில் கரைத்தால் நல்ல ஊதா நிறம். அதில் இலைச் சாறை விட்டால், சாறில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் ஹைட்ரஜனைக் கொடுக்கக் கொடுக்க ஊதா மறைந்து மஞ்சளாகும். எவ்வளவு நிறம் குறைந்தது என்று 517 நானோமீட்டர் ஒளியில் கருவி அளந்து சொல்லும். பாதி நிறம் மறைய எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் ஐசி50 மதிப்பு. அது குறையக் குறைய, சாறு 'வலுவானது'. பெரும்பாலும் வைட்டமின் சி-யோடு ஒப்பிடுவார்கள்.

விலை குறைவு, வேகம், எளிமை. ஒரு எம்எஸ்சி மாணவர் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். எந்தச் செடியை மேலும் ஆராயலாம் என்று முதல் சுற்றில் வடிகட்ட இது நல்ல கருவி.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, டிபிபிஹெச் உங்கள் உடம்பில் எங்கேயும் கிடையாது. இரண்டு, சாறு எடுக்கப் பெரும்பாலும் மெத்தனால் பயன்படுத்துவார்கள். அது விஷம், நீங்கள் வீட்டில் போடுவது தண்ணீர்க் கஷாயம். மெத்தனாலில் இறங்கும் எல்லாமே தண்ணீரில் அதே அளவு இறங்காது. மூன்று, சோதனைக் குழாயில் குடல் இல்லை, கல்லீரல் இல்லை, ரத்தமும் இல்லை.

அப்படியானால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஜப்பானில் ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்கு 200 மில்லிகிராம் ரோஸ்மாரினிக் அமிலம் உள்ள பெரில்லா சாறைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரில்லாவும் புதினா குடும்பம்தான். 2005-ல் வெளியான முடிவின்படி, கொடுத்ததில் சுமார் 6 சதவீதம்தான் ரோஸ்மாரினிக் அமிலமாகவும் அது உடைந்து மாறிய பொருள்களாகவும் சிறுநீரில் வந்தது. உள்ளே போனதையும் உடம்பு அப்படியே விட்டுவைக்கவில்லை. உருவத்தை மாற்றி, சில மணி நேரத்தில் வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது. அதாவது, லேபில் ஊதாவை மஞ்சளாக்கிய அதே மூலக்கூறு அதே அளவில் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

அமெரிக்க வேளாண் துறைக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை 'ஓராக்' என்ற அளவில் பட்டியலிட்டு இணையத்தில் வைத்திருந்தார்கள். கம்பெனிகள் அந்த எண்ணை எடுத்து விளம்பரத்தில் போட ஆரம்பித்தன. 2012-ல் அந்தப் பட்டியலையே துறை எடுத்துவிட்டது. சோதனைக் குழாய் மதிப்பை மனித ஆரோக்கியத்தோடு பொருத்த முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அதைவிடப் பெரிய பாடம் மாத்திரை வடிவ ஆன்டிஆக்ஸிடன்ட்களில் கிடைத்தது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். பாதிப்பு 28 சதவீதம் அதிகமானதால் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரட் சாப்பிடுவது ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. உணவில் இருக்கும்போது நல்லதாக இருக்கும் பொருளைப் பிரித்து, சுண்டவைத்து, மாத்திரையாக்கினால் அதே நன்மை தானாக வந்துவிடாது என்பதே அர்த்தம்.

சரி, அப்போ இந்த இலைகளால் பயனே இல்லையா?

இருக்கு. ஆனால் பல நேரம் காரணம் ஆன்டிஆக்ஸிடன்ட் இல்லை.

நல்ல ஆதாரம் உள்ள ஒன்றைப் பாருங்கள். எரிச்சல் மிகு குடல் நோய்க்கு, அதாவது அடிக்கடி வயிறு பிசைந்து வலிக்கும் ஐபிஎஸ் பிரச்சினைக்கு, பெப்பர்மின்ட் எண்ணெயை அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பின் 2021 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அது வேலை செய்வது மெந்தால் குடல் தசையைத் தளர்த்துவதால். ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

துளசியில் மனிதர்களிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு மதிப்பாய்வு வந்தது. சர்க்கரை அளவு, மன அழுத்தம், நோய் எதிர்ப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் சாதகமான முடிவுகள். பெரிய பக்கவிளைவும் தென்படவில்லை. ஆனால் தரமான ஆய்வுகள் குறைவு, நீண்ட காலம் நடந்தவையும் குறைவு. நம்பிக்கை தரும் தகவல்தான். இருக்கும் மாத்திரையை நிறுத்துவதற்கான ஆதாரம் ஆகாது.

ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றிய புரிதலும் மாறிவருகிறது. ரோஸ்மேரியில் உள்ள கார்னோசிக் அமிலம் போன்ற சில பொருள்கள், நேரடியாகப் போய் ஃப்ரீ ரேடிக்கலோடு மோதுவதைவிட, செல்லைக் கொஞ்சம் சீண்டிவிடுகின்றன. அந்தச் சீண்டலில் 'என்ஆர்எஃப்2' என்ற புரதம் விழித்து, செல்லின் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களை உற்பத்தி செய்யச் சொல்கிறது. இது பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும் பார்த்தது. இப்படிப் பார்த்தால் இலை உங்களுக்காகச் சண்டை போடும் சிப்பாய் இல்லை. உள்ளே இருக்கும் காவலாளியைத் தட்டி எழுப்பும் ஆள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ரத்தசோகை உள்ளவர்கள் முதலில். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இந்த இலைகளில் உள்ள பினாலிக் சேர்மங்கள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை கொண்டவை. 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், ரொட்டி உணவோடு பெப்பர்மின்ட் டீ குடித்தபோது அந்த உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவது 84 சதவீதம் குறைந்தது. நீங்கள் பெருமையாகச் சொல்லும் அதே 'ஆன்டிஆக்ஸிடன்ட்' பொருள்கள்தான் இங்கே குறுக்கே நிற்கின்றன. அதனால் இரும்பு மாத்திரை போடும் கர்ப்பிணிகளும் மற்றவர்களும் புதினா டீ, துளசி டீயை மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்க்காமல், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அடுத்து. சீன மருத்துவத்தில் பயன்படும் டான்ஷென் என்ற புதினா குடும்ப வேர், வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஆபத்து. அந்த வேர் உங்கள் வீட்டில் இருக்காது. ஆனால் எந்த மூலிகைச் சாறும் மாத்திரையும் இப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளலாம் என்பதற்கு அது எச்சரிக்கை.

மருந்துக் கூர்க்கன் என்ற செடியைச் சேலம் பக்கம் ஒப்பந்த முறையில் பயிரிடுகிறார்கள். அதன் வேரில் உள்ள ஃபோர்ஸ்கோலினை 1970-களில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் மும்பையின் ஹெக்ஸ்ட் ஆய்வு மையமும் கண்டறிந்தன. பிபியைக் குறைக்கும் வலுவான பொருள். அதை இப்போது 'உடல் எடை குறைய' என்று கேப்சூலில் விற்கிறார்கள். ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

எண்ணெய்கள் இன்னும் கவனத்துக்குரியவை. பென்னிராயல் என்ற புதினா இனத்தின் எண்ணெயைக் குடித்து கல்லீரல் கெட்டு இறந்தவர்கள் உண்டு. கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தால் தைலம் தடவினால் மூச்சுத் திணறல் வரலாம். ஆவி பிடிக்கும் வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து சிறுவர்களுக்குத் தீக்காயம் ஏற்படுவதும் நடக்கிறது. குழந்தைகளைப் போர்வைக்குள் பாத்திரத்தோடு உட்கார வைக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே வரி: துளசி சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கூடுதலாக எந்தச் சாறு எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்து போனாலும் ஆபத்துதான்.

வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

வேதியியல் தெரிந்தால் சமையலறையில் சில முடிவுகள் எளிதாகும். வாசனை எண்ணெய்கள் ஆவியாகும். எனவே துளசி, புதினா, கற்பூரவள்ளிக் கஷாயத்தைத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டம்ளரில் குறைவாகத்தான் இருக்கும். கொதித்த தண்ணீரை இறக்கி, இலையைப் போட்டு, மூடிவைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். ரோஸ்மாரினிக் அமிலம் ஆவியாகாது. சூடான தண்ணீரில் இறங்கிவிடும்.

நொச்சியில் கணக்கு தலைகீழ். அங்கே நமக்கு வேண்டியதே ஆவி. மூக்கடைப்பு லேசாவதில் வெந்நீர் ஆவிக்கும் பங்கு உண்டு, இலையின் வாசனைக்கும் பங்கு உண்டு.

கற்பூரவள்ளி பஜ்ஜி போடும்போது எண்ணெயில் கொஞ்சம் வாசனை போகும். பரவாயில்லை, அது மருந்து இல்லை, பலகாரம். சப்ஜா விதை திருநீற்றுப் பச்சிலையின் விதை. தண்ணீரில் ஊறினால் சுற்றிலும் வழவழப்பான உறை வருமே, அது நார்ச்சத்து. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது நன்றாக ஊறிய பிறகே கொடுங்கள். உலர்ந்த விதை தொண்டையில் போய் உப்பினால் அடைக்கும்.

காட்டில் பறிக்கலாமா?

வேண்டாம். திருமலைக்கு நடந்து ஏறும்போதோ தலகோனா அருவிக்குப் போகும்போதோ வழியில் பார்க்கும் இலையைக் கிள்ள ஆசை வரலாம். சேஷாசலத்தின் ஒரு பகுதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவிலிருந்து அனுமதியில்லாமல் செடிகொடிகளை எடுத்துவர முடியாது.

சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அது நீங்கள் நினைக்கும் செடிதானா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தியா முழுக்க சாலையோரங்களில் பரவிய 'விலாயதி துளசி' என்ற களையும் இதே குடும்பம்தான். அதற்கும் நான்கு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, காரமான வாசனை. முதல் பார்வையில் ஏமாந்துவிடலாம். ஆய்வாளர்களே செடியைப் பையில் போட்டுக்கொண்டு தாவரவியல் துறையின் கதவைத் தட்டும்போது, நாம் வாசனையை மட்டும் நம்புவது சரியில்லை.

துளசி, கற்பூரவள்ளி, புதினா மூன்றுமே ஒரு தொட்டியில் வளரும். கற்பூரவள்ளியில் ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் நர்சரியில் வாங்குங்கள்.

அடுத்த முறை ஒரு டப்பாவில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் செடி, அதை யார் உறுதிசெய்தது? சோதனைக் குழாயில் பார்த்ததா, மனிதர்களிடம் பார்த்ததா? நான் சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? பதில் கிடைக்காவிட்டால் டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு புதினாச் சட்னி அரைத்துச் சாப்பிடுங்கள். அதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை.